புளி கரைத்த தொட்டி

2007 ஆகஸ்ட் 6

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பதினைந்து வருடம் இருந்தாயிற்று.

இன்று தபாலில் சங்கத்தின் மாத மடல் வந்தது. மாவட்ட வண்ணமீன் வளர்ப்போர் சங்கம். உறுப்பினர்கள் அறுபது பேர். அதில் நிஜமாகவே மீன் வளர்ப்பவர்கள் இருபது பேர் தேறினால் அதிகம். சிவகாசியில் தண்ணீர் கிடைப்பதைவிட அச்சடிப்பது சுலபம் என்பதால் அந்த அறுபது பேருக்கும் வழவழப்பான தாளில், நாலு கலரில் ஒரு மடல். முதல் பக்கத்தின் மேல்பாதி முழுக்கத் தலைவர் லட்சுமிகாந்தத்தின் படம். கீழ்ப்பாதியில் அவருடைய கட்டுரை: 'தொட்டித் தண்ணீரை மென்மையாக்க இயற்கை வழி - என் அனுபவம்.'

அந்த இயற்கை வழி, புளி. எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து, வடிகட்டி, தொட்டியில் ஊற்ற வேண்டுமாம். பி.எச். எட்டிலிருந்து ஆறரைக்கு 'மளமளவென்று' இறங்குமாம். இறங்கும். ஊற்றிய கையோடு பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தாரா? அதற்கு அவருக்கு நேரம் இருந்திருக்காது. படம் எடுக்கப் போயிருப்பார்.

இந்த மனுஷன் என் மனைவி சுகிர்தாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பட்டாசுக் கம்பெனி முதலாளி. பொழுதுபோக்காக ஒரு மீன் பண்ணை, அதோடு ஒரு மீன் கடை. 1992-ல் என் வீட்டுக்கு வந்து, வாதாம் மரத்துச் சருகைத் தண்ணீரில் ஊறப்போட்டு நான் முட்டை பொரிக்க வைத்ததைக் குனிந்து குனிந்து பார்த்தார். "பிரமாதம் மாப்ளே" என்றார். அடுத்த மாதம் மதுரைக் கண்காட்சியில் அதே சருகு, அதே மாதிரித் தொட்டி, பரிசு அவருக்கு. மேடையில் பேசினார், நானும் கீழே உட்கார்ந்து கேட்டேன். என் பெயர் வரும் வரும் என்று கேட்டேன். வரவில்லை. அன்றோடு மீனைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

வேதியியல் படித்தவன் நான். அதைக் கல்லூரியில் நடத்தியே தலை நரைத்தவன். நான் சும்மா இருக்கிறேன், புளிக்கு அட்டைப்படம்.

எழுதப்போகிறேன். என் பெயரோடு, பட்டத்தோடு. மடலுக்கு ஆசிரியர், அச்சகம் வைத்திருக்கும் ராஜபாண்டியன். போட முடியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 8

நாலு பக்கம் எழுதினேன். மூன்றரைப் பக்கம் லட்சுமிகாந்தத்தைப் பற்றி. தண்ணீரைப் பற்றி அரைப் பக்கம். கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 12

சுகிர்தா ஒரு பெண்ணை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்காமலே. பெயர் மாரிசெல்வி, ஊர் விஸ்வநத்தம். சுகிர்தா டீச்சராக இருக்கும் பள்ளியில் அவள் மகள் படிக்கிறாள். ஒரு கையில் பாட்டில் நிறைய வீட்டுப் போர் தண்ணீர், இன்னொரு கையில் தூக்குவாளி. வாளிக்குள் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் ஏஞ்சல் மீன் முட்டை. வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாக இருக்க வேண்டியது, வேகாத ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக இருந்தது. செத்த முட்டை.

"ஒவ்வொரு தடவையும் இப்பிடித்தான் அண்ணாச்சி. முட்டையும் போடுது, ரெண்டும் பக்கத்துலயே நின்னு விசிறியும் விடுது. மறுநா பாத்தா அம்புட்டும் வெள்ளை."

"புளி ஊத்துனியா?"

"ஊத்தாம? மடல்ல போட்டிருந்துச்சுல்லா. தண்ணி கலங்கி நாத்தம் எடுத்துப் போச்சு. மீனு மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது."

இதற்கு முன் மோலியும் கப்பியும் வளர்த்தாளாம். அதுகளுக்கு நம் ஊர் உப்புத்தண்ணீர் தேவாமிர்தம். குட்டியாகப் போட்டுத் தள்ளும். ஆனால் வாங்க ஆள் இல்லை. இந்தப் பக்கத்தில் குஞ்சு எடுக்கிற ஒரே ஆள் லட்சுமிகாந்தம். ஏஞ்சல் குஞ்சு கொண்டுவா, எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஏஞ்சல் முட்டையோ சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில்தான் பொரிக்கும்.

பேசும்போது இடது கையைச் சேலைக்குள்ளேயே வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டும்போது பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி இறுகிக் கிடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பட்டாசு யூனிட்டில் பிடித்த தீ. அதற்குப் பிறகு போகவில்லை. இப்போது தீபாவளி சீசன். போர்மேன் பலவேசம் தினமும் காலையில் வாசலில் வந்து நிற்கிறாராம், ஆள் பத்தவில்லை என்று.

"குஞ்சு பொரிச்சா வீட்டுல இருந்துக்கிடுவேன். இல்லேன்னா அங்கனதான் போகணும்."

புளி ஊற்றச் சொன்னவரையே போய்க் கேள் என்று சொன்னேன். சொல்லத்தான் சொன்னேன்.

அவள் நகரவில்லை. "அவரு சொன்னது தப்புன்னு ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"படிச்சப்பவே."

"பெறவு ஏன் யார்ட்டயும் சொல்லல?"

1992-ல் மதுரையில் என்று ஆரம்பிக்கவா? எழுந்து உள்ளே போய்விட்டேன். போகும்போது பாட்டிலை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 13

சுகிர்தா பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள். தட்டு மட்டும் பேசுகிறது.

ஆகஸ்ட் 17

அந்த பாட்டிலைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அவளுக்காக இல்லை. லட்சுமிகாந்தம் தப்பு என்பதற்கு எண் வேண்டும், அதற்காக.

பி.எச். எட்டு புள்ளி நான்கு. கடினத்தன்மை பார்க்கச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தேன். பியூரெட் காலியாகி, மறுபடி நிரப்ப வேண்டியதாயிற்று. இது தண்ணீர் இல்லை, கரைத்த சுண்ணாம்பு.

ஒரு லிட்டரில் தலைவர் சொன்னபடியே புளியைக் கரைத்து ஊற்றினேன். ஆறரை. ஆஹா. மூடாமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18

எட்டு. மேலே ஏடு கட்டி, புளித்த வாடை. அவ்வளவுதான் அவருடைய 'என் அனுபவம்'.

இதில் ஒரு மந்திரமும் இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, நாம் ஊற்றுகிற புளிப்பைத் தின்றுவிடுகிறது. தின்று வாயுவாக்குகிறது. கோலி சோடாவைத் திறந்து வைத்தால் காரம் போவது போல அந்த வாயு வெளியேறியதும் பி.எச். பழைய இடத்துக்கே ஏறிக்கொள்கிறது. மறுபடி ஊற்றினால் மறுபடி. ஏறி இறங்கி, ஏறி இறங்கி மீன் செத்துப்போகும். போதாததற்குப் புளியைத் தின்ன வரும் கிருமிகள், மீனுக்கு வேண்டிய பிராணவாயுவைக் குடித்துவிடும். பி.எச்.சைப் பிடித்து அமுக்கக் கூடாது. அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் சுண்ணாம்பைக் குறைக்க வேண்டும். முதல் வருட மாணவனுக்குத் தெரியும் இது. தேர்வுக்கு முந்தின வாரம் வரைக்குமாவது தெரியும்.

ஆகஸ்ட் 26

போனேன். விஸ்வநத்தத்துக்கு. சுகிர்தா கேட்டாள் என்பதால் இல்லை. அவள் கேட்கவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு அறையும் தாழ்வாரமும் உள்ள வீடு. தாழ்வாரத்தில் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், மூன்று ஜோடி மீன். சுத்தமாகத்தான் வைத்திருக்கிறாள். தொட்டிக்கு அடியில் மட்டும் வெள்ளை வெளேரென்று கிளிஞ்சல், சோழி, பளிங்குச் சில்லு.

"இதெல்லாம் யாரு போடச் சொன்னா?"

"சங்கத் தலைவரு கடையில குடுத்தாக. அழகா இருக்கும்னு."

"கிளிஞ்சல் என்னதுன்னு தெரியுமா? சுண்ணாம்பு. சுட்டா வெத்தலைக்குத் தடவலாம். ஏற்கெனவே உப்புத்தண்ணி, இதுல சுண்ணாம்புக் கல்லையும் ஊறப்போட்டு வச்சிருக்க."

எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டினேன். லட்சுமிகாந்தம் கடையில் விற்ற சாமான் வாசலில் விழும் சத்தம் கேட்க நன்றாக இருந்தது.

பிறகு கல்லூரி மைதானத்தில் பொறுக்கிய வாதாம் சருகு. பழுத்துத் தானாக உதிர்ந்ததுதான் வேண்டும், பச்சை இலை கூடாது. கழுவி, ஒரு கொதி விட்டு ஆறவைத்துத் தொட்டியில் போட்டேன். மாலைக்குள் தண்ணீர் வெளிர் பழுப்பானது. அவள் கணவன் பாண்டிராஜ், லோடு வண்டி ஓட்டுகிறவன், எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, சாயா போட்டுட்டீக. மீனுக்குப் பட்டர் பன்னு வேண்டாமா?"

"ஏலே, சும்மா கெட" என்றாள் மாரிசெல்வி, புருஷனைப் பார்த்து. அதட்டினாலும் அவளுக்கும் சிரிப்பு.

எனக்கு வரவில்லை.

செப்டம்பர் 5

முட்டை இட்டது. மறுநாளே வெள்ளை. பி.எச். எட்டு புள்ளி ஒன்று. பழுப்பு நிறத்தில் எட்டு புள்ளி ஒன்று! சருகு அதன் வேலையைச் செய்யும்தான், ஆனால் இவ்வளவு சுண்ணாம்பை அது என்ன செய்யும்? 1992-ல் நான் உபயோகித்தது ஊருணித் தண்ணீர், மழை நின்ற தண்ணீர். அதை நானே மறந்துபோனேன். வேண்டியது மழை. இந்த ஊரில், இந்த மாதத்தில், மழை.

செப்டம்பர் 9

சுகிர்தா வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு நேர் எதிரே லட்சுமிகாந்தம்.

"என்ன மாப்ளே, மீனெல்லாம் வுட்டுட்டீகளாமே? சங்கத்துப் பக்கம் ஆளையே காணோம். நம்ம புளிக் கட்டுரை படிச்சீகளா? கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணிப் பாராட்டுறாரு."

"மறுநாள் பி.எச். எவ்வளவு இருந்துச்சு?"

"மறுநாளா? மறுநாள் கொஞ்சம் ஊத்திக்கிட வேண்டியதுதான். தினசரி சாம்பார் வைக்கலையா?" பந்தியே சிரித்தது. பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

ரசத்துக்கு இருக்காமல் எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 21

மழை! நேற்றுச் சாயங்காலம் வானம் கறுத்து, இடித்து, கொட்டித் தீர்த்துவிட்டது. மழைநீர் சேமிப்புக்காகச் சர்க்கார் கட்டாயப்படுத்தி வைக்கச்சொன்ன குழாய் முதல்முறையாக உபயோகப்பட்டது. மாடியிலிருந்து வரும் தண்ணீரை மூன்று டிரம் நிறையப் பிடித்தேன். நனைந்துகொண்டே பிடித்தேன். சுகிர்தா ஜன்னல் வழியாகப் பார்த்து, ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவையாக, "துண்டை எடுத்துத் தலையத் துவட்டுங்க" என்றாள்.

காலையில் பாண்டிராஜ் வண்டியில் இரண்டு டிரம் போயிற்று. முதலில் ஒரு ஜோடியின் தொட்டியில் இரண்டு பங்கு மழை, ஒரு பங்கு போர் தண்ணீர், சருகு. இனி பார்க்கட்டும்.

செப்டம்பர் 25

முட்டை போனது மட்டும் இல்லை. ஒரு ஜோடியே போய்விட்டது. துடுப்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, இரண்டும்.

மழைத்தண்ணீரில் மீன் சாகுமா? சாகாது. யாரோ ஏதோ கலந்திருக்கிறார்கள். லட்சுமிகாந்தம் பண்ணை ஆட்கள் விஸ்வநத்தத்தில் இல்லையா என்ன? நான் அங்கே போய் வருவது தெரிந்திருக்கும். செய்யக்கூடிய ஆள்தான்.

செப்டம்பர் 26

இதைச் சுகிர்தாவிடமும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"சித்திரையில மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சது யாரு?"

"நான்தான். வெக்கைக்கு."

"எத்தனை பூச்சு?"

இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் செய்வதுதான். கோடை வெயில் கீழே இறங்காமலிருக்க மாடித் தரை முழுக்க வெள்ளை அடிப்போம். நான் இரண்டு பூச்சு அடித்தேன், மற்றவர்கள் ஒன்று அடித்தபோது. மழை முழுக்க அந்தச் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு குழாய் வழியாக டிரம்முக்கு வந்திருக்கிறது. மாடிக்குப் போய்த் தரையைத் தொட்டேன், விரலெல்லாம் மாவு. மிச்சமிருந்த டிரம்மைச் சோதித்தேன். ஒன்பது புள்ளி மூன்று.

ஊற்றுவதற்கு முன் ஒரே ஒரு தடவை மீட்டரை முக்கிப் பார்த்திருக்கலாம். மறுநாள் பார்த்தீரா, மறுநாள் பார்த்தீரா என்று ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தவன், அன்றைக்கே பார்க்கவில்லை. மழைத்தண்ணீர்தானே என்று இருந்துவிட்டேன். எம்.எஸ்சி., எம்.பில்.

செப்டம்பர் 29

மாரிசெல்வி பலவேசத்திடம் வேலைக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 9

காலை வகுப்பில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிறகுதான் வெடிச் சத்தம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பாதி வகுப்பு கையில் போனோடு நிற்கிறது. போன் இல்லாத பிள்ளைகள் இருக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வகுப்பில் போன் கூடாது என்று விதி. யார் சொல்வது?

யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மாரிசெல்வியிடம் போன் கிடையாது. பாண்டிராஜ் எடுக்கவில்லை. எங்கே, எந்தப் பக்கம் என்று உடனே தெரியக்கூடிய ஒரு ஆள்தான் எனக்குத் தெரியும். கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார் லட்சுமிகாந்தம்.

"விஸ்வநத்தம் பக்கமா?"

"இல்ல மாப்ளே. அந்தப் பக்கம் இல்ல. கிழக்க. நம்ம யூனிட்டும் இல்ல." மூச்சு வாங்கியது அவருக்கு. "அங்கன யாரு ஒங்களுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"செரி. நான் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பின்னால் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம்.

கிழக்கே என்றால், அங்கே யாரோ. மாலைச் செய்தியைப் பார்க்கவில்லை.

மாரிசெல்வி பட்டாசு வேலைக்குப் போனது என்னால். இதை எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

அக்டோபர் 14

ஞாயிற்றுக்கிழமை. போனேன். பாண்டிராஜ் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். 'வாங்க' சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு ஜோடி இருக்கு அண்ணாச்சி. அதையும் முடிச்சுவிட வந்திருக்கீகளா?"

மாடிச் சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னேன். எதையும் மறைக்காமல். கேட்டுவிட்டு மாரிசெல்வி உள்ளேயிருந்து வெளியே வந்து சொன்னாள்: "எங்க வீட்டு மாடியிலயும் போன வருசம் அடிச்சோம். எனக்குந்தான் தோணல." அவ்வளவுதான். விரலிடுக்கில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மின்னியது. பாக்கிங்தான், வெடிமருந்து அறை இல்லை என்று கேட்காமலே சொன்னாள்.

கூரையையே தொடாத மழை வேண்டும் என்றேன். எப்படி என்று கேட்டாள். பெரிய பிளாஸ்டிக் ஷீட் இருந்தால், திறந்த இடத்தில் நாலு கம்பு நட்டு… பாண்டிராஜ் துடைப்பதை நிறுத்தினான். "பிளெக்ஸு ஆகுமா? நான் லோடு எடுக்குற பிரஸ்ல கழிச்சது கெடக்கு."

அக்டோபர் 16

லட்சுமிகாந்தத்தின் ஐம்பதாவது பிறந்தநாள் பிளெக்ஸ். பன்னிரண்டடிக்கு எட்டடி. மெஷினில் கலர் மாறி முகம் முழுக்கப் பச்சையாக விழுந்துவிட்டதால் ஒதுக்கியிருக்கிறார்கள். 'எங்கள் குலவிளக்கே' என்று கீழே.

மை பூசாத வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி, சவுக்குக் கம்புகளில் இழுத்துக் கட்டினோம். முகம் தரையைப் பார்த்தபடி. நடுவில் ஒரு கல்லை வைத்துப் பள்ளம் பண்ணி, பள்ளத்தில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே டிரம். ஓட்டை மூக்குக்கு நேராக அமைந்தது தற்செயல்.

"குலவிளக்குக்கு மூக்கு ஒழுகுது" என்றான் பாண்டிராஜ், மழை வந்ததும். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் விழுந்த மழையைப் பிடிக்கவில்லை, ஓடவிட்டோம். சீசன் நேரத்தில் இந்த ஊர்க் காற்றில் என்னென்னவோ மிதக்கிறது. அதெல்லாம் கழுவிப் போகட்டும். பிறகு பிடித்ததை அங்கேயே மீட்டரில் பார்த்தேன். மாரிசெல்வி பக்கத்தில் குந்தி எண்ணைப் படித்தாள். ஆறு. சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லை.

ஒரேயடியாக மாற்றக் கூடாது. தினம் ஒரு வாளி பழைய தண்ணீர் எடுத்து ஒரு வாளி மழை ஊற்றச் சொன்னேன். வெறும் மழையில் மட்டும் விட்டாலும் ஆபத்து. கொஞ்சம் போர் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பி.எச். நிற்க இடமில்லாமல் விழுந்துவிடும். சருகு இப்போது வேலை செய்யும்.

அக்டோபர் 27

முட்டை போட்டிருக்கிறது. பார்க்கப் போகவில்லை. நான் போனாலே ஏதாவது ஆகிறது.

அக்டோபர் 29

ஐப்பசி அடைமழை. பாண்டிராஜ் போன் செய்தான். பின்னால் அவள் குரல்: "வால் துடிக்குதுன்னு சொல்லுங்க. அம்புட்டும் துடிக்குதுன்னு சொல்லுங்க."

அவன் சொல்வதற்கு முன்னால் எனக்குக் கேட்டுவிட்டது.

நவம்பர் 8

தீபாவளி. ஊரெல்லாம் வெடி. விஸ்வநத்தத்தில் ஒரு தெருவில் மட்டும் வெடிக்கவில்லையாம், குஞ்சுகள் மிரளும் என்று அந்தத் தெருப் பிள்ளைகளை மாரிசெல்வி அடுத்த தெருவுக்கு விரட்டிவிட்டாளாம். பட்டாசு செய்யும் ஊரில் பட்டாசு வெடிக்க விடாத ஒரே தெரு. சுகிர்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நவம்பர் 25

அவித்த கோழிமுட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து ஊட்டுகிறாள் மாரிசெல்வி. குஞ்சுகளுக்குத் துடுப்பு நீண்டு ஏஞ்சல் வடிவம் வந்துவிட்டது. அடுத்த ஜோடியும் இட்டுப் பொரித்திருக்கிறது. யூனிட்டுகள் திறந்துவிட்டன. பலவேசம் வந்து கூப்பிட்டிருக்கிறார். வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

டிசம்பர் 15

மாரிசெல்வியும் பாண்டிராஜும் வந்தார்கள், சாத்தூர்ச் சேவு வாங்கிக்கொண்டு. முதல் ஈட்டுக் குஞ்சுகளை லட்சுமிகாந்தம் பண்ணையில் எடுத்துக்கொண்டார்கள். மாதாமாதம் கொண்டுவரச் சொல்லிவிட்டாராம்.

"எப்பிடிப் பொரிக்க வச்சேன்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

சேவுப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமானாள். "நீங்க மடல்ல போட்டபடிதான்னு சொன்னேன்."

"புளியா? புளின்னா சொன்ன?"

"நான் புளின்னே சொல்லல அண்ணாச்சி. அவரா, 'புளி தானே?'ன்னாரு. நான் தலைய ஆட்டுனேன்."

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. முடிக்கும்வரை நின்றாள். பிறகு சொன்னாள்:

"அவருக்கும் ஒங்களுக்கும் ஆகாதுன்னு இந்தச் சுத்துவட்டாரத்துக்கே தெரியும். ஒங்க பேரச் சொல்லியிருந்தா எம் மீனு அவரு தொட்டியில எறங்குமா? அவர விட்டா வாங்க வேற யாரு இருக்கா, சொல்லுங்க. நான் மறுபடியும் அங்கன போகவா?"

சேவு அப்படியே இருக்கிறது. நல்ல காரம் என்கிறாள் சுகிர்தா.

டிசம்பர் 17

போன். குரலிலேயே மாலை மரியாதை.

"மாப்ளே, கேட்டீகளா? விஸ்வநத்தத்துப் பிள்ளை ஒண்ணு, நம்ம புளிய வச்சே ஏஞ்சல் பொரிச்சுட்டா! ஜனவரி மடல்ல அட்டையில போடுறோம். சாத்தூர்ல ஒரு மகளிர் குழு மீன் வளர்க்க ஆரம்பிக்குது, எல்லாம் தீப்பெட்டி ஆபீசுல கெடந்து கஷ்டப்பட்டவுக. பொங்கல் கழிச்சு நானே போய்ச் சொல்லிக்குடுக்கப் போறேன். நல்ல காரியம்தானே?"

நல்ல காரியம்தான் என்று அவர் நிஜமாகவே நம்புகிறார். அதுதான் எரிகிறது.

டிசம்பர் 19

எழுதி முடித்துவிட்டேன். இவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை. எண்கள், சோதனைகள், புளித் தண்ணீர் மறுநாள் ஏறியது, கிளிஞ்சல், விஸ்வநத்தத்தில் உண்மையில் நடந்தது என்ன, 1992 உட்பட. கடைசியில் என் முழுப் பெயர். சுகிர்தாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அம்புட்டும் உண்மை" என்றாள்.

"பின்னே?"

"இது அச்சாகி வந்த மறுநாள் மாரிசெல்வி குஞ்சைத் தூக்கிக்கிட்டு எந்த வாசலுக்குப் போவா?"

டிசம்பர் 20

எழுதவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? விட்டால் சாத்தூர்ப் பெண்கள் புளி கரைப்பார்கள். மீன் மிதக்கும். திரும்பத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார்கள். எழுதினால் இவள் போவாள். பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு. என்ன மாதிரி ஊருடா இது!

டிசம்பர் 21

அச்சகத்தில் ராஜபாண்டியனைப் பார்த்தேன். காலண்டர் சீசன், உட்கார இடமில்லை, கட்டுக் கட்டாக 2008. ஜனவரி மடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"கடைசிப் பக்கம் காலியாக் கெடக்கு அண்ணாச்சி. வாசகர் குறிப்புன்னு யாரு அனுப்புனாலும் போட்டுருவேன்."

"தலைவர் பாக்க மாட்டாரா?"

"அவரு போட்டோ இருக்குற பக்கத்த மட்டும்தான் பாப்பாரு." மெஷின் சத்தத்தில் சிரித்தார். "நீங்க எதுவும் எழுதப் போறீகளா?"

"நானா? எனக்கென்ன வேலை" என்றேன்.

டிசம்பர் 23

புதிதாக எழுதினேன். ஒரே பக்கம். என் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும் என்பதால் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்.

லட்சுமிகாந்தம் இல்லை. மதுரை இல்லை. விஸ்வநத்தம் இல்லை. தொட்டியில் கிளிஞ்சல், பளிங்குச் சில்லு வேண்டாம். மழையை நேராக வானத்திலிருந்து பிடியுங்கள். முதல் மழையை ஓடவிடுங்கள். சுண்ணாம்பு அடித்த மாடித் தண்ணீர் கூடவே கூடாது. ஒருவர் இதைக் கவனிக்காமல் நல்லதொரு ஜோடியைச் சாகடித்தார். இரண்டு பங்கு மழைக்கு ஒரு பங்கு உங்கள் ஊர்த் தண்ணீர், தினம் ஒரு வாளியாக. அதன்பின் வாதாம் சருகு. அதற்கு அடுத்த வரிக்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. 'புளி ஊற்றும் வழக்கம் உள்ளவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கவும். பிறகு புளி தேவைப்படாது.' இதைவிட மரியாதையாக என்னால் எழுத முடியாது.

கீழே என் பெயரைத் தட்டினேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு கல்லூரிப் பையன், "சார், முடிஞ்சுதா?" என்று கேட்டான். அழித்துவிட்டு அச்செடுத்தேன்.

அவர் எப்படியும் ஒருநாள் இதைப் படிப்பார். படித்துவிட்டு, இது தன் கண்டுபிடிப்பு என்று சாத்தூரில் போய்ச் சொல்வார். எனக்கு ஆளைத் தெரியும். சொல்லட்டும். சொன்னால்தான் அந்தப் பெண்கள் கேட்பார்கள்.

உறையை ஒட்டிவிட்டேன். அனுப்புநர் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. நாளைக் காலை கல்லூரிக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டுவிடுவேன்.